மகனின் பயாப்சி அறிக்கையில் ஒரு வைரஸ்: தம்ளரைப் பிரித்து வைக்க வேண்டுமா?

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய இளைய மகனுக்கு வயது 23. துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறார். மெட்ரிக் தேர்வு நெருங்கிய சமயத்தில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து, கழுத்தில் நெறிகட்டி, மூன்று வாரம் படுத்துக் கிடந்தார். ‘கிளாண்டுலர் ஃபீவர், தானாகப் போய்விடும்’ என்று குடும்ப மருத்துவர் அப்போது சொல்லியிருக்கிறார், அப்படியே போயும்விட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, இப்போதைக்கு ஏழு மாதங்களுக்கு முன்னால், கழுத்தின் இடப்பக்கத்தில் வலியில்லாத ஒரு கட்டி தென்பட்டது. இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்த்தது, உடலும் இளைத்தது. காசநோயாக இருக்கும் என்று மாத்திரை தொடங்கினார்கள். நான்கு மாதம் ஆகியும் கட்டி கரையாததால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, ஒரு நிணநீர் முடிச்சை முழுதாக அறுத்தெடுத்துச் சோதித்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. நோய் கழுத்திலும் நெஞ்சின் நடுப்பகுதியிலும் இருக்கிறது. நிலை ‘2 பி’, அதாவது இரவு வியர்வை, இளைப்பு போன்ற அறிகுறிகளோடு கூடிய இரண்டாம் நிலை. இன்னும் இரண்டு வாரத்தில் கீமோதெரபி தொடங்குகிறது.

இதுவரை தைரியமாக இருந்த வீடு, பயாப்சி அறிக்கையின் கடைசி வரியைப் படித்த பிறகுதான் கலங்கிப்போயிருக்கிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸ், பாசிட்டிவ் என்று அதில் இருந்தது. மூத்த மருமகன் கைபேசியில் தேடிப் பார்த்து, ‘இது ஹெர்பீஸ் வகை’ என்று சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனையும் செய்திருந்ததால், அது நெகட்டிவ் என்று வந்தும்கூட, மகனின் நடத்தை மீதே ஒரு கேள்வி விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் எவர்சில்வர் தம்ளருக்கு அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, அதைத் தனியாகக் கொதிக்க வைத்துக் கழுவுகிறார்கள். அக்காவின் நான்கு வயது மகளை மாமன் மடியில் உட்கார விடுவதில்லை. நிச்சயமான பெண்ணின் வீட்டாருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

தாயின் கேள்விகள் இவை. வைரஸால் வந்த புற்றுநோய் என்றால் அது தொற்றுமா? தவறான உறவால் வந்ததா? வைரஸைக் கொல்லும் மாத்திரை இருக்க, எதற்குக் கீமோதெரபி? காசநோய் மாத்திரையில் போன நான்கு மாதம் மகனின் உயிருக்கு உலையாகுமா? வேலையில் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. ‘பழைய வியாதி’ என்று மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) கைவிரிக்குமா? பெண் வீட்டாரிடம் சொல்லலாமா? தைப்பூசத்துக்கு மகன் அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், செய்யலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகனின் ஸ்கேனையோ ரத்த அறிக்கைகளையோ நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே சிகிச்சையை முடிவு செய்யும் இடத்தில் அவருடைய ரத்த இயல் மருத்துவர்தான் இருக்கிறார். ஆனால் நீங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, ஸ்கேனைப் பார்க்காமலே தெளிவாகப் பதில் சொல்ல முடியும். முதலில் தம்ளர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அதைப் பிரித்து வைக்க எந்த மருத்துவக் காரணமும் இல்லை. நகப்பூச்சை இன்றே துடைத்துவிடுங்கள். பேத்தியை அவள் மாமனிடம் விடுங்கள்.

ஹெர்பீஸ் என்ற குடும்பம்

மனிதருக்குத் தொற்றும் ஹெர்பீஸ் வைரஸ்கள் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் உடலுறவு வழியாகப் பரவுவதாகப் பேசப்படும் பிறப்புறுப்புப் புண் வைரஸ் ஒரு வகை. உங்கள் மருமகன் கைபேசியில் பார்த்தது அதைத்தான். சின்னம்மை வைரஸும் இதே குடும்பம்தான். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று பயபக்தியோடு நடத்துகிறோமே தவிர, அந்தப் பிள்ளையின் ஒழுக்கத்தை யாரும் விசாரிப்பதில்லை. எப்ஸ்டைன்-பார் வைரஸும் விசாரணைக்குரியதன்று. அது முக்கியமாக எச்சில் வழியாகப் பரவுகிறது. தாய் மென்று ஊட்டிய சோறு, இரு குழந்தைகள் மாறி மாறிக் கடித்த பொம்மை, ஒரே பாட்டிலில் நண்பர்கள் குடித்த குளிர்பானம், ஒரு முத்தம் என்று எதுவும் அதற்குப் போதும். உலகத்தில் வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸைத் தாங்கிக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். உங்களுக்கும் உங்கள் மருமகனுக்கும் எனக்கும் அது இருக்கவே பெரிதும் வாய்ப்பு உண்டு.

சிறு வயதில் தொற்றினால் பெரும்பாலும் ஒரு சளிக்காய்ச்சலாகக்கூடத் தெரியாமல் கடந்துபோகும். பதின்ம வயது வரை தொற்றாமல் இருந்து, அதன்பின் வந்தால்தான் உங்கள் மகனுக்கு வந்ததுபோல் கிளாண்டுலர் ஃபீவராக வெளிப்படுவது அதிகம். இரண்டிலும் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. சின்னம்மை வைரஸ் நரம்பு வேர்களில் ஒளிந்திருந்து முதுமையில் அக்கியாகத் திரும்புவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எப்ஸ்டைன்-பார் வைரஸ் ஒளியும் இடம் ரத்தத்தில் உள்ள ‘பி’ நிணநீர் அணுக்கள். அங்கே அது ஆயுள் முழுவதும், ஏறக்குறைய எல்லாரிடமும், எந்தத் தொல்லையும் தராமல் கிடக்கிறது.

எச்.ஐ.வி. சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிம்ஃபோமா என்று தெரிந்த ஒவ்வொருவருக்கும், எழுபது வயதுப் பாட்டியாக இருந்தாலும், அந்தச் சோதனையைச் செய்வது வழக்கம். எதிர்ப்புச் சக்தியின் நிலை தெரியாமல் கீமோதெரபி மருந்தின் அளவையும் துணை மருந்துகளையும் திட்டமிட முடியாது என்பதே காரணம். யார் மீதும் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை. முடிவு நெகட்டிவ் என்று வந்துவிட்டது. அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

வைரஸுக்குப் பங்கு உண்டா?

உண்டு. அதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பங்கு எப்படிப்பட்டது என்று விளங்கினால், உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் பலவற்றுக்கு அவசியமே இல்லை என்பதும் விளங்கும்.

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு நிணநீர்ப் புற்றுநோயிலிருந்துதான். யுகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைப் பற்றி 1958-இல் எழுதினார். அது எந்தெந்தப் பகுதிகளில் வருகிறது என்று அறிய 1961-இல் ஒரு பழைய காரை எடுத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக விசாரித்தபடி தெற்கே நம் தென்னாப்பிரிக்கா வரைக்கும் வந்து திரும்பினார். அந்தக் கட்டிகளின் துண்டுகள் கம்பாலாவிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போயின. அங்கே 1964-இல் ஆண்டனி எப்ஸ்டைன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகிய மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றுக்குள் ஒரு புதிய வைரஸைக் கண்டார்கள். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

பர்க்கிட் வரைந்த வரைபடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வைரஸ் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது; அந்தத் தாடைக் கட்டியோ மலேரியா ஓயாமல் அடிக்கும் வெப்பமான தாழ்நிலங்களில்தான் குழந்தைகளிடம் அதிகமாக வருகிறது. வைரஸ் தனியாக நின்று அந்த வேலையைச் செய்துவிடவில்லை, வேறொன்றும் கூடவே தேவைப்பட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் இதே நியாயம் பொருந்தும்.

உங்கள் மகனின் கட்டிக்குள் நடந்ததை, இன்றைக்கு அறிவியலுக்குத் தெரிந்த அளவில், சொல்கிறேன். நிணநீர் முடிச்சுக்குள் ‘பி’ அணுக்கள் கிருமிகளை அடையாளம் காணப் பழகும்போது, அவற்றின் மரபணுக்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்கள் நடக்கின்றன. அந்த மாற்றத்தில் பழுதாகிப்போன அணு, பிழைத்திருப்பதற்கான சமிக்ஞை கிடைக்காமல் தானாகச் செத்துவிட வேண்டும். அதுதான் உடலின் ஒழுங்கு. இந்த வைரஸ் உள்ளே இருக்கும் ஓர் அணு பழுதானால், வைரஸ் உண்டாக்கும் இரண்டு புரதங்கள் அந்தச் சமிக்ஞையைப் பொய்யாகக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. சாக வேண்டிய அணு சாகாமல் நின்றுவிடுகிறது. அதன்மேல் அந்த அணுவின் சொந்த மரபணுக்களிலும் சில கோளாறுகள் சேர வேண்டும். அக்கம்பக்கத்து எதிர்ப்பணுக்களின் கண்ணில் மண்ணைத் தூவவும் அது கற்றுக்கொள்ள வேண்டும். இவ்வளவும் ஒரே அணுவில் கூடிவந்தால்தான் அது பெருகிப் புற்றாகிறது. பல நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தபோது, ஒரு கட்டியிலுள்ள புற்றணுக்கள் அனைத்திலும் இருப்பது ஒரே வைரஸின் வழித்தோன்றல் என்று தெரிந்தது. அதாவது வைரஸ் அந்த முதல் அணுவுக்குள் புற்று தொடங்கும் முன்பே இருந்திருக்கிறது. பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. பங்கு உண்டு என்று நான் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஹாட்ஜ்கின் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கட்டியில் இந்த வைரஸ் இருப்பதே இல்லை. அது இல்லாமலும் இதே நோய் வருகிறது. கிளாண்டுலர் ஃபீவர் வந்தவர்களை டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வைரஸ் உள்ள வகை ஹாட்ஜ்கின் அவர்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு கூடுதலாக வந்தது தெரிந்தது. காய்ச்சலுக்கும் கட்டிக்கும் இடைவெளி சராசரியாக நான்கு ஆண்டுகள். உங்கள் மகனின் ஐந்து ஆண்டுக் கணக்கு அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. நான்கு மடங்கு என்றதும் பதறிவிடாதீர்கள். இந்த நோயே அவ்வளவு அரிது என்பதால், நான்கு மடங்கானாலும் அது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். மெட்ரிக் வகுப்பில் அவரோடு அதே காய்ச்சலில் படுத்த மற்றப் பிள்ளைகள் இன்றைக்கு நன்றாகத்தான் இருப்பார்கள். ஆகவே ‘அன்றைக்கே நல்ல வைத்தியம் பார்த்திருந்தால்’ என்று நீங்கள் உங்களையே நொந்துகொண்டு எழுதிய வரிகளுக்கு இடமில்லை. அன்றும் இன்றும் இந்த வைரஸை உடலிலிருந்து அகற்றும் வைத்தியம் கிடையாது. தடுப்பூசியும் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

புற்றுநோய் தொற்றுமா என்ற கேள்விக்கு இனிப் பதில் எளிது. தொற்றுவது வைரஸ், அது வீட்டில் எல்லாரிடமும் அநேகமாக ஏற்கெனவே இருக்கிறது. புற்றணு ஒருவர் உடலில் அவருடைய சொந்த அணுவாக உருவானது. அது எச்சிலாலோ தொடுவதாலோ அடுத்தவருக்குப் போகாது. ‘நாங்கள் எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பத்தில் ஒன்பது பேருக்குப் பாசிட்டிவ் என்று வரப்போகும் சோதனைக்குக் காசு கொடுத்து, கூடவே பயத்தையும் வாங்கி வருவீர்கள். கூடப் பிறந்தவர்களுக்கு இந்த நோயின் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அதுவும் மிகச் சிறிய எண்தான். மகளுக்குக் கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி சில வாரம் கரையாமல் நின்றால் காட்டட்டும். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

வைரஸ் மாத்திரை ஏன் கொடுக்கவில்லை

‘அசைக்ளோவிர்’ என்ற மாத்திரையைப் பற்றி உங்கள் மருமகன் படித்திருக்கிறார். அது நல்ல மருந்துதான். ஆனால் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டுமே அதற்குப் பிடி கிடைக்கும். பெருகும்போது வைரஸ் உண்டாக்கும் ஒரு நொதிதான் அந்த மாத்திரையைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. ஹாட்ஜ்கின் அணுவுக்குள் வைரஸ் பெருகுவதில்லை. ஒரு சில புரதங்களை மட்டும் செய்துகொண்டு உறங்குகிறது. அங்கே அந்த நொதி இல்லை, ஆகவே மருந்துக்கு வேலையும் இல்லை. கீமோதெரபி நடக்கும் மாதங்களில் எதிர்ப்புச் சக்தி குறைந்து உங்கள் மகனுக்கு அக்கி வந்தால், அப்போது இதே மாத்திரையை மருத்துவர் எழுதக்கூடும். அது வேறு வைரஸுக்காக.

உங்கள் மகனின் வயதில், வைரஸ் இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மாறுவதில்லை. ஏ.பி.வி.டி. என்று நீங்கள் எழுதியிருப்பது நான்கு மருந்துகளின் முதலெழுத்துகள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவார்கள், இரண்டு முறை ஏற்றினால் ஒரு சுற்று. வழக்கமாக இரண்டு சுற்று முடிந்ததும் பெட் ஸ்கேன் எடுத்து, நோய் எப்படி அடங்குகிறது என்று பார்த்து, மேற்கொண்டு எத்தனை சுற்று, கதிரியக்கம் வேண்டுமா என்று தீர்மானிப்பார்கள். இரண்டாம் நிலையில் முறையான சிகிச்சை பெறுகிறவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் குணமடைகிறார்கள். ரத்தப் புற்றுநோய் என்ற சொல் உங்களை உலுக்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குள் அடங்கும் நோய்களில் குணமாகும் வாய்ப்பு மிக நல்ல ஒன்றுதான் உங்கள் மகனுக்கு வந்திருக்கிறது.

காசநோய் மாத்திரையில் போன மாதங்கள்

இந்த நாட்டில் இது அடிக்கடி நடக்கிறது. காசநோய் மிகுந்த ஊரில், இரவு வியர்வையும் இளைப்பும் கழுத்துக் கட்டியுமாக வரும் இளைஞருக்கு முதலில் காசநோயை நினைப்பது இயல்பு. ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சிறு மாதிரியில் ஹாட்ஜ்கின் பிடிபடாமல் போவதும் உண்டு. ஏனெனில் கட்டியில் உண்மையான புற்றணுக்கள் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும், மற்றவை அவற்றைச் சூழ்ந்த சாதாரண எதிர்ப்பணுக்கள். மாத்திரையில் சில வாரம் கட்டி கரையாதபோதே முடிச்சை முழுதாக எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் தாமதத்தைப் பற்றி நீங்கள் முறையிடலாம். அதற்கு உரிமை உண்டு. ஆனால் நோய் இன்னும் இரண்டாம் நிலையில்தான் இருக்கிறது, குணமாகும் எல்லைக்குள்தான் இருக்கிறது. உங்கள் சக்தியை இப்போது முறையீட்டில் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இதில் நீங்கள் கேட்காத ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. காசநோய் மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறாரா என்று கடிதத்தில் இல்லை. அவற்றில் ரிஃபாம்பிசின் என்பது, கல்லீரல் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். கீமோதெரபி மருந்துகளின் பலனையும் அது மாற்றக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், முதல் ஊசிக்கு முன்பே ரத்த இயல் மருத்துவரிடம் கேட்டு முடிவு வாங்குங்கள். பெரியம்மா கொண்டுவந்து தரும் ‘கான்சர் புஷ்’ என்ற மூலிகைத் தேநீரும் ஆப்பிரிக்கன் பொட்டேட்டோ என்ற கிழங்கு மருந்தும்கூட இதே காரணத்துக்காக மருத்துவருக்குத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால், சிகிச்சை முடியும்வரை இரண்டையும் அலமாரியில் வைத்துவிடுங்கள். பெரியம்மாவின் அன்பை அவர் சமைத்த சூடான ரசமாக வாங்கிக்கொள்ளலாம்.

இந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியவை

விந்தைச் சேமித்தல். ஏ.பி.வி.டி. மருந்தால் நிரந்தர மலட்டுத்தன்மை வருவது குறைவு. ஆனால் முதல் சிகிச்சை போதாமல் கடுமையான மருந்துகளுக்கு மாற வேண்டி வந்தால் அந்த ஆபத்து கூடும். அப்போது சேமிக்க நேரம் இருக்காது. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே செய்ய வேண்டும். இதைத் தாயிடம் பேச எந்த மகனும் கூசுவார். அப்பாவோ மருமகனோ அவரைக் கூட்டிச் செல்லட்டும். நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். செலவை மெடிக்கல் எய்ட் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல். தம்ளரைக் கொதிக்க வைக்கச் செலவழித்த கவலையை இங்கே திருப்புங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோதெரபி தொடங்கிய பின் 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ போனால், இரவு இரண்டு மணியானாலும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பனடோல் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டுத் தூங்க வைப்பதுதான் மிகவும் ஆபத்தான செயல். புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தாலும் உடனே சொல்லுங்கள். நான்கு மருந்துகளில் ஒன்றான பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. அதனால்தான் சிகரெட்டையும் இன்றே விட வேண்டும்.

ரத்தம் ஏற்ற நேர்ந்தால். ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்குக் கதிரூட்டிய ரத்தத்தையே ஏற்றச் சொல்லும் வழிகாட்டுதல்கள் உண்டு. வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போக நேரும்போது இது விட்டுப்போகலாம்; நோயின் பெயரையும் இந்தக் குறிப்பையும் ஒரு சீட்டில் எழுதி அவருடைய பணப்பையில் வையுங்கள்.

காவடியைப் பற்றி. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் மாதங்களில் நாக்கிலும் கன்னத்திலும் முதுகிலும் அலகு குத்துவது, கிருமிக்கு வாசலைத் திறந்துவிடுவதாகும். தீமிதியும் வேண்டாம். சிகிச்சை முடிந்து ரத்தம் தேறிய பின் அடுத்த தைப்பூசத்துக்கு எடுக்கலாம் என்று கோயில் குருக்களிடம் சொன்னால் எந்தக் குருக்களும் மறுக்கமாட்டார். இந்த ஆண்டு நீங்கள் பால்குடம் எடுங்கள், வேண்டிக்கொண்டவர் நீங்கள்தானே.

மெடிக்கல் எய்டும் வேலையும்

நான் வழக்கறிஞர் அல்லன்; ஆயினும் இந்த அச்சத்துடன் வருகிறவர்களை அடிக்கடி பார்ப்பதால் சட்டத்தின் வரம்பு தெரியும். 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, ஒரு குறிப்பிட்ட நோய்க்குக் காத்திருப்புக் காலம் விதிப்பதென்றால், விண்ணப்பித்த நாளுக்கு முந்திய 12 மாதங்களுக்குள் அந்த நோய்க்கு ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு முன் வந்து போன கிளாண்டுலர் ஃபீவர் அந்தக் கணக்கில் வராது. அது இந்த நோயும் இல்லை. உடலில் வைரஸ் இருப்பதே ‘பழைய வியாதி’ என்றால் நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்குக் காப்பீடே கிடைக்காது. மகன் சேர்ந்து பத்து மாதம், கட்டி தென்பட்டு ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள்; முதன்முதலாகக் கட்டியைக் காட்டிய நாளின் மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அந்தத் தேதிதான் உங்களுக்குப் பலம். லிம்ஃபோமா சிகிச்சை, எல்லாத் திட்டங்களும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களின் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் குறிப்பிடும் மருத்துவமனைக்குப் போகச் சொல்லலாம்; கொடுக்கவே மாட்டோம் என்று சொல்ல முடியாது. மறுத்தால் எழுத்தில் வாங்கி, இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்கு முறையிடுங்கள்.

வேலையிடத்தில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வேலைக்கு வர இயலாது என்ற மருத்துவச் சான்று போதும். சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு தீர்ந்துவிட்டால் வேலையிழப்புக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப்.-இல் நோய்க்கால உதவித்தொகை உண்டு; மனுவைச் சீக்கிரம் போட வேண்டும்.

பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது

இதில் உங்கள் எண்ணத்தைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘நான் போய்ச் சொல்லட்டுமா, மறைக்கட்டுமா’ என்று கேட்கிறீர்கள். மகன் வயது வந்தவர். அவருடைய நோய்த் தகவல் அவருக்குச் சொந்தம். 2003-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அவர் இசைவின்றி மருத்துவமனையும் யாரிடமும் சொல்லாது. தாயானாலும் நீங்கள் முந்திக்கொள்வது சரியன்று. அதே சமயம், இதை மறைத்து ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்று நினைத்தால் அதற்கும் நான் உடன்படமாட்டேன். ஆறு மாதம் முடி உதிர்ந்து மருத்துவமனைக்கு அலையும் பிள்ளையை எந்த வீட்டாரிடமிருந்தும் ஒளித்துவைக்க முடியாது. பின்னால் தெரிந்தால் நோயைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகப் பேசப்படும்.

மகன் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லட்டும். நோயின் பெயர், சிகிச்சையின் காலம், குணமாகும் வாய்ப்பு, குழந்தை பெறுவதற்கான ஏற்பாடு ஆகிய நான்கையும் அவர் சொன்னால் போதும். வைரஸ் என்ற சொல்லை முன்வைத்துத் தொடங்க வேண்டியதில்லை. கேட்டால் மறைக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கும் அது அநேகமாக எப்போதோ தொற்றியிருக்கும்; திருமணத்தால் அவருக்குப் புற்றுநோய் வராது. சிகிச்சை நடக்கும்போதும் முடிந்து குறைந்தது ஆறு மாதம் வரையும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், கல்யாணத் தேதியை அதற்கு ஏற்ப நகர்த்துவது நல்லது. பெண் விரும்பினால் அடுத்த சந்திப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். உங்கள் மருமகன் கைபேசியில் தேடியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அந்தச் சந்திப்புக்கே கொடுத்தனுப்பட்டும். மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பதில் சொல்லிவிடுவார்.